கவிழாத டிஸ்ட்ராயர்

போன வருடம் எங்கள் மாதிரிக் கப்பல் குழுவின் போட்டியில், என் ஜப்பானிய டிஸ்ட்ராயர் போர்க்கப்பல் முதல் திருப்பத்திலேயே கவிழ்ந்தது. ரிமோட்டில் ஓடும் கப்பல். நீளம் ஒரு மீட்டருக்கு மேல், அகலம் என் உள்ளங்கை அளவுதான். அதைக் கரைக்கு இழுத்து வந்தது என் வீட்டுக்காரரின் குண்டு இழுவைப் படகு! சிங்கப்பூர் சுவா சூ காங்கில் புருஷனோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு அந்த மானக்கேட்டை வருடம் முழுக்கக் கேட்டேன்.

"சப்மரீன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா" என்பார், சாப்பிடும்போதுகூட.

இன்னொரு முறை கவிழ்ந்தால் கப்பல் கட்டுவதையே விட்டுவிடுகிறேன் என்று குழுவின் முன்னால் சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் நான் சொன்னதை மாற்றுகிற ஆள் இல்லை.

தப்பு எங்கே என்று அந்த வகை நிஜக் கப்பல்களின் கதையே சொன்னது. ஒல்லி உடம்பு, மேலே இரட்டைப் பீரங்கிகள், ஒன்பது டார்பிடோ குழாய்கள், மாடி வீடு போல உயர்ந்த கட்டளை மேடை. வந்த புதிதில் உலகமே வாயைப் பிளந்தது. பிறகு ஒரு புயலில் இரண்டு கப்பல்களின் மூக்கே முறிந்து போனது. அதன் பின்தான் மேற்பாரத்தைக் குறைத்து, அடியில் பாரம் சேர்த்து, உடம்பைப் பலப்படுத்தினார்கள். இரண்டாம் உலகப் போரில் இரவோடு இரவாகத் தீவுகளுக்குப் படையும் அரிசியும் சுமந்து ஓடின. பெரும்பாலானவை கடலுக்கடியில் கிடக்கின்றன. நான் கட்டியிருந்தது புயலுக்கு முந்திய கப்பல், அதுவும் பித்தளைப் பீரங்கிகளோடு! நானே கடைந்த பீரங்கிகள். கழற்றும்போது அழுதேன். பிளாஸ்டிக்கில் வேறு செய்து, மேடையையும் தாழ்த்தினேன்.

அடியில் வைக்க ஈயம் வாங்க லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். ஹார்டுவேர் கடை பாய் முகம் சுளித்தார்.

"ஜப்பான்காரன் கப்பலாம்மா? அவனுங்க இங்க பண்ணினது போதாதா?"

"மலாயாவுல படை இறக்கினப்போ காவலுக்கு வந்த வகை பாய் இது. நம்மள அடிச்சது எப்படி இருந்துச்சுன்னு நமக்கே தெரிய வேணாமா?"

அவர் ஈயத்தை எடுத்துத் தராசில் போட்டார்.

இந்த வருடப் போட்டியன்று மழைக்கு முந்திய காற்று குளத்தைக் கலக்கிவிட்டது. வீட்டுக்காரர் இழுவைப் படகைத் தண்ணீரில் இறக்கித் தயாராக நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழு வேகம் கொடுத்தேன். அதே திருப்பத்தில் காற்று பக்கவாட்டில் அறைந்தது. கப்பல் சாய்ந்தது, கொடிமரம் தண்ணீரைத் தொட்டது.

மெல்ல நிமிர்ந்தது.

"ஏய், நிக்குதுடி!" என்று கத்தியவர் என் வீட்டுக்காரர்தான்.

எல்லைக் கோட்டைத் தாண்டியபோது கரையே கைதட்டியது. மழையும் பிடித்துக்கொண்டது. "முடிஞ்சிருச்சு, வாங்க" என்று நடுவர் கூப்பிட்டார். எனக்குப் போதவில்லை. கப்பலை மறுபடியும் காற்றுக்குக் குறுக்கே திருப்பினேன்.

சாய்ந்தது. நிமிர்ந்தது.