குகநேசனின் நீதிமன்றச் சுற்றுலா

குகநேசன் ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் இருந்துகொண்டு முப்பது வருஷம் நீதிமன்றங்களில் தமிழருக்கு மொழிபெயர்த்தவர். அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவர் 'நான் இடித்தேன்' என்றால், இவரும் ஜெர்மனில் 'நான் இடித்தேன்' என்றே சொல்லவேண்டும். ஒரு சொல்லும் விடக்கூடாது. இப்படி அவர் இடிக்காத காரில்லை, மீறாத சிவப்பு விளக்கில்லை.

ஓய்வு பெற்ற மறுவாரமே மனைவி சுகிர்தாவைக் காரில் ஏற்றிக்கொண்டு, தான் வேலை பார்த்த சின்னச் சின்ன ஊர்க் கோர்ட்டுகளைக் காட்டக் கிளம்பினார். முதல் நாள் மூன்று, மறுநாள் நான்கு. எட்டாவது கோர்ட்டின் வாசலில் நின்ற காவலர், "என்ன அலுவலாக வந்தீர்கள்?" என்று கேட்டார்.

ஜெர்மன்காரருக்கு விளங்காது என்ற துணிவில் சுகிர்தா தமிழில் முணுமுணுத்தார்: "ஊர் உலகம் கடல் பாக்கப் போகுது. இந்த மனுசன் என்னைக் கோர்ட்டு கோர்ட்டா இழுத்துக்கொண்டு திரியுது!"

பழக்கதோஷம். குகநேசன் நிமிர்ந்து நின்று, "இந்த மனுசன் என்னை" என்பது உட்பட, அவ்வளவையும் ஜெர்மனில் ஒப்பித்துவிட்டார்.

காவலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "குற்றஞ்சாட்டப்பட்டவர் கடைசியாக ஏதும் சொல்ல விரும்புகிறாரா?"

குகநேசன் அதையும் தமிழாக்கிச் சுகிர்தாவிடம் சொன்னார். பதிலையும் சுகிர்தாதான் எடுத்துக்கொடுத்தார்: "'நான் நாளைக்கே இவளைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போறன்' எண்டு சொல்லுங்கோ."

குகநேசன் ஒரு சொல்லும் விடாமல் ஜெர்மனில் சொன்னார். முப்பது வருஷமாக அவர் சொன்ன 'நான்'களில் அது ஒன்றுதான் அவருடையது.