பன்னு பாய் கடையில் எனக்கு ஒதுக்கிய இடம்

இந்தத் தளத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் பெங்களூரை விட்டு அதிகம் நகராத ஆள் என்பது தெரியும். கோரமங்களா, இந்திராநகர் பக்கம் பெரிய திரை வைத்து மேட்ச் போடும் பார்கள், அதை ஒட்டியே பர்கர் கடைகள். அங்கே போய்த் தின்றுவிட்டு வந்து எழுதுவதுதான் என் வாரக் கடைசி. அப்படிப்பட்டவன் போன மாதம் ஒரு சனிக்கிழமை காஞ்சிபுரம் கிளம்பினேன். கோயிலுக்கும் இல்லை, பட்டு எடுக்கவும் இல்லை. பர்கர் தின்னத்தான்.

காரணம் ஒரு வாய்ஸ் மெசேஜ். பள்ளிக்கூடத்திலிருந்து கூடப் படித்த சாதிக் அனுப்பியது. அவன் அப்பா நடத்திய பேக்கரியை இடித்துக் கட்டி இப்போது பர்கர் கடை ஆக்கியிருக்கிறான். "ஞாயித்துக்கெழம இந்தியா மேட்ச் இருக்குது. கடைல பெரிய டிவி போட்டுருக்கேன். கண்டிப்பா வாங்க." நாலு தடவை கேட்டேன். எல்லாம் சரிதான், அந்த "வாங்க"தான் தொண்டையில் மாட்டிய முள் மாதிரி இறங்கவே இல்லை. நானும் அவனும் ஒருவரிடம் ஒருவர் மரியாதையாகப் பேசிய ஒரு நாள்கூட எனக்கு நினைவில்லை.

கொஞ்சம் பழைய கதை சொன்னால்தான் இது புரியும். நாங்கள் பிள்ளையார்பாளையத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். தெரு முழுக்கத் தறிச் சத்தம், அதனால் டிவி போட்டாலும் காதில் விழாது. மேட்ச் என்றால் சாதிக்கின் அப்பா கடைக்குத்தான். ஊர் அவரைப் பன்னு பாய் என்று கூப்பிடும். கடைவாசலுக்கு மேலே, உள்பக்கமாகப் பார்க்கிற மாதிரி ஒரு பலகை அடித்து டிவியை ஏற்றி வைத்திருந்தார். பட்டர் பன் ஒன்று வாங்கினால் ஐம்பது ஓவரும் உட்காரலாம். அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பாருக்குப் பதில் டீ.

அங்கே எங்கள் மூன்றாவது ஆள் ஏகாம்பரம். மாகறல் பக்கத்து விவசாயக் குடும்பம், சைக்கிளில் வருவான். அவன் வாய் இருக்கிறதே, வண்டி ஹாரன் தோற்றுவிடும். பிளஸ் டூ படிக்கும்போது ஒரு மேட்ச்சில் நான் கடைக்குள் கால் வைத்த நேரம் விக்கெட் விழுந்தது. அடுத்த மேட்ச்சிலும் அதே. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் ஏகா தீர்ப்புச் சொல்லிவிட்டான். "இவன் உள்ள வந்தாலே அவுட்டு. வெளிய நில்றா." அன்றிலிருந்து எனக்குப் பெயரே அவுட்டு. மேட்ச் தொடங்கினாலே என்னைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவார்கள். சோடா கிரேட் அடுக்கி வைத்திருக்கும் மூலைதான் என் இடம். டிவியின் முதுகு என் பக்கம், அவர்கள் முகம் என் பக்கம்.

ஆகவே அதற்கப்புறம் அங்கே நான் மேட்ச் பார்த்ததே இல்லை. முகம்தான் பார்த்தேன். ஏகா தொடையில் தட்டினால் நாலு. ஸ்டூலை விட்டு எழும்பினால் ஆறு. பாய் பிரெட் அறுக்கும் கத்தியை அப்படியே நிறுத்திவிட்டால் ரன் அவுட்டா இல்லையா என்று மூன்றாவது அம்பயர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். விக்கெட் விழுந்தால் மொத்தக் கடையும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்து முறைக்கும். வெளியே நின்றும் எட்டிப் பார்த்தேனாம்! அதற்கும் திட்டு.

வேலை கிடைத்துப் பெங்களூர் வந்தேன். பின்னாலேயே அப்பா அம்மாவும் வந்துவிட்டார்கள். அதோடு காஞ்சிபுரம் போகக் காரணம் இல்லாமல் போயிற்று. இங்கே நான் போகும் பார் ஒன்றில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு திரை. பர்கர் 420, பீர் தனி. ஒரு முறை நான் கதவைத் தள்ளிக்கொண்டு நுழையவும் விக்கெட் விழவும் சரியாக இருந்தது. பழக்க தோஷம், அப்படியே திரும்பி வெளியே வந்து நின்றுவிட்டேன். வாசல் காவலாளி மட்டும் என்ன சார் பிரச்சினை என்று கேட்டார். உள்ளே ஒருவர்கூடத் திரும்பவில்லை. நான் வந்ததால் விக்கெட் போனது என்று நினைக்க அந்த ஊரில் எனக்கு ஒரு ஆள் இல்லை. அன்று எனக்கு ரொம்பத் தனிமையாக இருந்தது, அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சொந்த வீடு இல்லாத ஊரில், 'டா' போட்டுக் கூப்பிட ஆள் இருக்கும் வரைதான் அது நம் ஊர். அந்த "வாங்க"வைக் கேட்டதிலிருந்து எனக்கு அதுவும் போய்விட்டதோ என்ற பயம். போய்ப் பார்த்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

பெங்களூரிலிருந்து அரக்கோணம் வரை ரயில், உட்காரும் வகுப்பு 125 ரூபாய், ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அங்கிருந்து காஞ்சிபுரம் 30 கிலோமீட்டர், அரசுப் பேருந்தில் ஒரு மணி நேரம். சனி மாலை ஏழே முக்காலுக்கு இறங்கினேன். பேருந்து நிலையத்தை ஒட்டிய விடுதியில் அறை 900 ரூபாய். ஜன்னல் இருக்கிறது, திறக்காது. காலையில் பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு நடை போனேன். நாங்கள் இருந்த வீட்டு இடத்தில் இப்போது மூன்று மாடி, கீழே செல்போன் கடை. ஏக்கமாக நிற்கலாம் என்று பார்த்தேன், கடைக்காரர் ரீசார்ஜா என்று கேட்டார். வந்துவிட்டேன்.

மதியம் ஒரு மணிக்கு ஆட்டோ ஏறினேன். டிரைவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"கோயிலா சார், பட்டா?"

"பர்கர்."

"இன்னாது?"

"சாதிக்னு ஒருத்தர் புதுசா போட்டிருக்காரே, மேட்ச் எல்லாம் போடுவாங்க."

"அட, பன்னு பாய் கடன்னு சொல்லு சார். பர்கர் கிர்கர்னு பயமுறுத்திக்கினு."

ஒன்றரை கிலோமீட்டர், 60 ரூபாய். போகிற வழியில் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பட்டுக்கடை வாசலில் வண்டியை மெதுவாக்கிப் பார்த்தார். நான் அசையவில்லை.

கடையைப் பற்றி முதலில் நேர்மையாக எழுதிவிடுகிறேன், நட்பு வேறு, நாக்கு வேறு. ஏசி உண்டு, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, இருபது பேர் உட்காரலாம். சிக்கன் பர்கர் 110, மட்டன் 150, பனீர் 90. மட்டன் பர்கருக்குள் இருப்பது சாதிக் வீட்டில் ரம்ஜானுக்குச் செய்யும் ஷாமி கபாப், கடலைப்பருப்பும் கறியும் அரைத்துப் புதினா போட்டது. பன் அவர்களே சுடுவது, அப்பா காலத்து அதே பன். பெங்களூரில் 420 கொடுத்தாலும் இந்த வாசனை வராது. கோயில் இட்லி பர்கர் என்று ஒன்றும் வைத்திருக்கிறான், 80 ரூபாய். தயவுசெய்து வேண்டாம். மிளகும் சுக்கும் போட்ட இட்லியைத் தனியாகச் சாப்பிட்டால் அமிர்தம். பன்னுக்கு நடுவே வைத்தால் தலையணைக்குள் தலையணை.

இன்னொரு குறை, டிவி. அவ்வளவு பெரிய டிவியைப் பின்சுவரில் மாட்டாமல், கண்ணாடிக் கதவுக்கு மேலே உள்பக்கம் பார்க்கிற மாதிரி மாட்டியிருக்கிறான். கல்லாவுக்கு வரிசையில் நிற்பவர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பியே சுளுக்கிக்கொள்கிறார்கள். தெருவில் போகிறவருக்கு மேட்ச் போடுகிறார்கள் என்பதே தெரியாது. வியாபாரம் தெரிந்தவன் செய்கிற வேலையா?

நான் உள்ளே போனதும் சாதிக் கல்லாவை விட்டு ஓடி வந்தான். தாடியில் நரை. "வா... வாங்க முரளி. உக்காருங்க." நாற்காலியைத் துணியால் துடைத்துப் போட்டான். திரைக்கு நேர் எதிரே, கடையிலேயே நல்ல இடம். அவுட்டு ஆன பிறகு அந்தக் கடையில் நான் திரையைப் பார்த்து உட்கார்ந்தது அன்றுதான் முதல் முறை. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஏகா இரண்டு மணிக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. இப்போது அவன் கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருக்கிறான், பின்னால் இரண்டு பேர் வருகிறார்கள். என்னைப் பார்த்ததும் இரு கையும் கூப்பினான்.

"வணக்கம் சார். சௌக்கியமா? பெங்களூர்ல தண்ணி கஷ்டம்லாம் எப்படி இருக்குது?"

"டேய், நான்டா," என்றேன்.

"தெரியுது சார், தெரியாம இருக்குமா. எங்க ஊரு உங்களுக்கு இன்னும் புடிச்சிருக்குதா?"

எங்க ஊராம். உங்களுக்காம். மட்டன் பர்கர் அதற்கப்புறம் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை. நல்லவேளை, மேலே எழுதியது முதல் பாதியைத் தின்றபோது கவனித்தது.

ஆஸ்திரேலியாவில் நடக்கும் மேட்ச், அதனால் நம் ஊரில் காலையில் தொடங்கி மாலையில் முடியும். இந்தியா இரண்டாவதாக ஆடிக்கொண்டிருந்தது. நாலு மணி சுமாருக்கு, கடைசி ஆறு ஓவரில் முப்பத்தெட்டு ரன், கையில் ஆறு விக்கெட். கடை நிறைந்துவிட்டது. கோயிலுக்கு வந்த திருச்சிக் குடும்பம் ஒன்று பனீர் பர்கரோடு பக்கத்து மேஜையில். நான் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். விக்கெட்.

சாதிக் என்னைப் பார்த்தான். ஏகா என்னைப் பார்த்தான். நானும் அவர்களைப் பார்த்தேன். சொல்லுங்கடா என்று மனசுக்குள் கெஞ்சினேன். சாதிக் கண்ணைத் திருப்பிக்கொண்டான். "நல்ல பால் அது. யாரா இருந்தாலும் அவுட்டுதான்," என்றான்.

அந்த நாகரிகம் இருக்கிறதே, அது எந்தத் திட்டையும்விட மோசம். அடுத்த ஓவரில் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தேன், இன்னொரு விக்கெட். ஏகாவின் வாய் திறந்தது. மூடிக்கொண்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நானே எழுந்துவிட்டேன். "நான் வேணா வெளிய நிக்கட்டுமா?"

"அய்யய்யோ, இன்னாங்க இது, சின்னப் புள்ளைங்க மாதிரி. விருந்தாளி நீங்க, உக்காருங்க," என்று சாதிக் என் தோளைப் பிடித்து அழுத்தினான்.

விருந்தாளி. சரி, அவ்வளவுதான் என்று தோன்றியது. மறுநாள் ரயிலை விட்டுவிட்டு அன்றைக்கே கிளம்பிவிடலாமா என்று யோசித்தபடி உட்கார்ந்தேன். நாற்காலியில் முழுதாக உட்காரவில்லை, மூன்றாவது விக்கெட்டும் விழுந்தது.

"டேய் அவுட்டு! எந்திரிச்சி வெளிய போடா மொதல்ல!"

ஏகா நாற்காலி மேலேயே ஏறி நின்றுகொண்டிருந்தான். கூட வந்த இரண்டு பேரும் வாயைப் பிளந்தார்கள். திருச்சிக்காரர் பனீர் பர்கரைக் கீழே வைத்துவிட்டார். "அப்பத்திலேர்ந்து வாய மூடிக்கினு பாக்கறேன், மூணு பேர முழுங்கிட்டான் சனியன்! டேய் சாதிக்கு, இவன இன்னாத்துக்குடா நேரா உக்கார வெச்ச?"

"நீதானடா மரியாதயா பேசச் சொன்ன!" என்று சாதிக் கத்தினான். "பெரிய வேலைல இருக்கான், கோச்சிக்குவான்னு சொன்னது யாரு?"

மிச்சத்தைக் கேட்க நான் உள்ளே இல்லை. கதவைத் திறந்தது யார், நானா அவர்களா, தெரியாது. வெயில் முகத்தில் அடித்தது. மூலையில் சோடா கிரேட் இருந்தது, அதன் பக்கத்தில் போய் நின்றேன். கண் கலங்கிவிட்டது. வெயில்தான் காரணம் என்று இங்கே எழுதினால் யாரும் நம்பப் போவதில்லை.

கண்ணாடி வழியே எல்லா முகமும் தெரிந்தது. ஏகா தொடையில் தட்டினான், நாலு. சாதிக்கின் இடுக்கி பர்கரோடு அந்தரத்தில் நின்றது, மூன்றாவது அம்பயர். அந்தக் காலத்தில் அவன் அப்பாவின் கத்தி நின்றது போலவே. திருச்சிக்காரர் ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்து முறைத்தார். அவருக்கும் அதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. கடைசியில் ஏகா நாற்காலியிலிருந்து எகிறினான், வேட்டி அவிழ்ந்தது, அதைப் பிடிக்க அவனுக்கும் தோன்றவில்லை, மற்றவர்களுக்கும் தோன்றவில்லை. ஜெயித்துவிட்டோம். அந்தக் கடைசி ஓவரை நான் இன்றுவரை பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன்.

சாதிக் டீயோடு வெளியே வந்தான். "வாங்க" போய்விட்டிருந்தது. அவனிடம் அந்த டிவி விஷயத்தைக் கேட்டேன். ஏன்டா பின்சுவரில் மாட்டவில்லை?

"இன்ஜினியரும் அப்டித்தான் சொன்னான். பின்னால மாட்டுனா கண்ணாடி வழியா வெளியேர்ந்து தெரியுமேடா லூசு. அப்றம் உன்ன வெளிய தள்ளி இன்னா பிரயோஜனம்?"

நான் வருவேனா என்றே தெரியாமல் கட்டிய கடை அது. சொல்லிவிட்டு அவன் கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

போக நினைப்பவர்களுக்கு: சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர், பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடையின் புதுப் பெயரை எழுதக் கூடாது என்று உத்தரவு, கூட்டம் வந்தால் பன் போதாதாம். பேருந்து நிலையத்தில் பன்னு பாய் கடை என்று கேட்டால் போதும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகக் கொஞ்ச நேரம் மூடியிருக்கும். மட்டன் பர்கர் மூன்று மணிக்குள் தீர்ந்துவிடும், முன்னாலேயே சொல்லி வையுங்கள். மேட்ச் நாள் என்றால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள். வாசலில் சோடா கிரேட் ஓரமாக மட்டும் நிற்காதீர்கள். அங்கே ஆள் இருக்கிறது.