மேல்சீட்டுக்கு நாலு பைட்டு

பேனா மூடியைப் பல்லால் கழற்றி, வலது உள்ளங்கையில் 310 என்று எழுதுகிறார் பேச்சிராஜ். மூன்று தடவை வாய்விட்டுப் படிக்கிறார். பிறகு கம்பத்துப் பெட்டிக்குள் இருக்கும் இன்டர்நெட் சுவிட்ச்சோடு ஒத்துப் பார்க்கிறார். இடதுகைக்காரர் என்பதால் எண்கள் ஏறுவதெல்லாம் சோற்றுக்கையில். மத்தியானம் சாப்பிடும் முன் கழுவுவார். கழுவிவிட்டால் அந்த வேலை முடிந்தது என்று அர்த்தம்.

சங்கரன்கோவிலில் ஒரு தனியார் இன்டர்நெட் கம்பெனியில் பதினோரு வருஷமாக லைன் பார்க்கிறார். எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தவர் மாதிரியே எப்போதும் இருப்பார். சாமி கும்பிடும்போதும் ஒரு கண் சட்டைப்பையில் இருக்கும் போன்மேல்தான்.

அப்படி என்ன வேலை என்று கேட்டால் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டை இழுப்பார்.

“நீரு உம்ம மூட்டையில பத்துன்னு எழுதுதீரு. பக்கத்துக் கடைக்காரரும் பத்துன்னுதான் எழுதுதாரு. லாரி ஆபீஸ்காரன் அதையா பாப்பான்? மேல தன் சீட்டை ஒட்டுவான். உமக்கு 310, அவருக்கு 320. வழி பூரா மேல்சீட்டுதான் பேசும். இறக்குத எடத்துல அதைக் கிழிச்சிட்டு, உம்ம பத்தோட உம்ம ஆளு கையில குடுத்துருவான். நாங்களும் அப்படித்தான் வே.”

தொழிலில் இதற்கு டபுள் டேக் என்று பெயர். ஒவ்வொரு கம்பெனியும் தன் ஆபீசுக்குள் கேமராவுக்கு ஓர் எண், கம்ப்யூட்டருக்கு ஓர் எண் என்று வைத்திருக்கும். அந்த உள்சீட்டை இவர் தொடுவதே இல்லை. மேல்சீட்டு ஒட்டி ஊர்விட்டு ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இவர் பாடு. மேல் எண் மாறிப்போனால் ஒருவர் வீட்டுச் சங்கதி இன்னொருவர் வீட்டில் போய் நிற்கும். உள்ளங்கையில் இருப்பது அந்தப் பயம்தான்.

இவ்வளவு பயந்த மனுஷன் போன வாரம் மாட்டிக்கொண்டார், பாவம். புளியங்குடி சாலையில் இடி விழுந்து ஒரு சுவிட்ச் கருகிப்போனது. சாயங்காலமே புதிது மாட்டினார். 310 சரியாக ஏற்றினார். லைனைச் சோதிக்க ஒரு பிங் விட்டார், போய்த் திரும்பியது. நிம்மதியாகத் தூங்கினார் என்று அவர் மனைவி தேன்மொழியே சாட்சி சொல்கிறார்.

மறுநாள் காலை பத்தரைக்குப் புளியங்குடி ஸ்கேன் சென்டரிலிருந்து ஷிரின் பானு கூப்பிட்டார்.

“அண்ணே, பைக்குல விழுந்த ஆளு, தலையில அடி. ஸ்கேன் படத்தை உங்க ஊரு டாக்டருக்கு அனுப்புதேன், போவ மாட்டேங்கு. பேரு, வயசெல்லாம் போயிட்டு. படம் மட்டும் நிக்கி.”

திருநெல்வேலிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று டாக்டர் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பேச்சிராஜ் பிங் விட்டுப் பார்த்தார். போனது.

“லைன் நல்லாத்தானே இருக்கு தாயி. கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிப் போட்டுப் பாரு.”

அதில் கால் மணி நேரம் போனது. அந்தக் கால் மணி நேரத்தை அவரால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

அப்புறம்தான் முந்தின நாள் மாட்டிய புது சுவிட்ச் நினைப்புக்கு வந்தது. லைனில் எதுவும் பொட்டலம் பொட்டலமாகத்தான் போகும். ஒரு சீட்டுக்கு நாலு பைட்டு எடை கூடும். 1518 பைட்டு முழுப் பொட்டலம், இரண்டு சீட்டும் ஒட்டினால் 1526-க்குப் பருத்துவிடும். புது சுவிட்ச்சோ, கடையிலிருந்து வந்தபடியே, 1522-க்கு மேல் உள்ளே விடாது. பிங் சின்னப் பொட்டலம், சந்தில் நுழைந்துவிடும். படம் நுழையாது. பழைய சுவிட்ச்சில் வாசலை அகலப்படுத்தியவர் இவர்தான். புதியதில் மறந்தவரும் இவர்தான்.

ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்தே அந்த சுவிட்ச்சுக்குள் நுழைந்தார். அந்த அவசரத்திலும் உள்ளங்கையில் கோணல்மாணலாக 1526 என்று எழுதி, ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினார். இரண்டு நிமிஷத்தில் போன் வந்தது.

“படம் போயிட்டுண்ணே. பாத்த ஒடனே திருநெல்வேலிக்குக் கொண்டு போங்கன்னுட்டாரு டாக்டரு. ஆம்புலன்ஸ் கெளம்பிட்டு.”

“ஆளு எப்படிம்மா இருக்காரு?”

“தெரியலண்ணே. கேட்டுச் சொல்லுதேன்.”

அன்று மத்தியானம் வீட்டில் தேன்மொழி சோற்றைப் போட்டுவிட்டு, கை கழுவத் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். பேச்சிராஜ் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். போன் இன்னும் அடிக்கவில்லை. வலது கையை இறுக மூடிக்கொண்டு, செம்பை வாங்காமலே கேட்டார்.

“ஏட்டி, வீட்டுல ஸ்பூனு இருக்கா?”