ஓடி ஜெயித்தவன் ராஜா

வளைகுடாவில், முவைலா கட்டட சைட் வாசலில் எங்கள் பஸ் நிற்கிறது. இன்று ஓட்டப் பரீட்சை. முதலில் வரும் ஒருவனுக்கு மட்டும் இந்தக் கேட்டில் செக்யூரிட்டி வேலை. மற்றவர்களுக்கு மறுபடியும் வெயிலில் கம்பி கட்டுகிற வேலைதான். எனக்கும் வேண்டும். பக்கத்து சீட்டில் ஷூ கயிற்றை இறுக்கும் நேபாளி கலேவுக்கும் வேண்டும். இந்தியில் பேசிக்கொள்கிறோம்.

"நேபாளம் ஒரே நாடா ஆகறதுக்கு முன்னால எங்க மலைக்குத் தனி ராஜா, பாய். வருஷா வருஷம் ஓட்டம் வைப்பாங்க. உச்சிக்கு முதல்ல ஏறினவன்தான் ராஜா."

"அப்ப நீ ராஜா வம்சம். நான் தோத்தேன் போ. அந்த ராஜ்ஜியம் என்னாச்சு?"

"ஒரு வருஷம் எல்லாரும் ஓடிக்கிட்டிருந்தப்போ வெளியாள் வந்து கோட்டையைப் பிடிச்சிட்டான். அவன் ஓடவே இல்ல."

இறங்கிப் போய்க் கோட்டில் நிற்கிறோம். சூப்பர்வைசர் விசிலை வாயில் வைக்கிறார். நாங்கள் இருவரும் ஒரு தடவை கேட்டைத் திரும்பிப் பார்க்கிறோம்.