கண்ணாடி ஒயருக்குக் கீழே வந்த சப்பரம்

எங்கள் ஊர் இலஞ்சிக்குப் பக்கம், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. சாரல் பிடித்துவிட்டால் செல்போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். காலேஜ் முடித்த என் மகள், கம்ப்யூட்டரில் எதையாவது அனுப்ப வேண்டுமென்றால் தென்காசிக்குப் பஸ் ஏறுவாள்.

போன வருஷம் முருகன் கண் திறந்தான். அரசாங்கம் பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் ஃபைபர் லைன் கொண்டுவந்தது. அங்கிருந்து வீடு வீடாக இழுத்துக் கொடுக்கிற வேலையை ஊர்க் கேபிள் டிவிக்காரரிடம் பஞ்சாயத்து ஒப்படைத்தது. கம்பம் ஊருடையது, உழைப்பு அவருடையது. அதனால் மாதக் கட்டணம் என்னைப் போலத் தேங்காய் ஏவாரம் பார்க்கிறவனுக்கும் கட்டுபடியாகிறது.

அந்த லைனை நம்பித்தான் மகள், வீட்டிலிருந்தே பார்க்கிற ஒரு வேலைக்கு மனுப் போட்டாள். வீடியோவில் இன்டர்வியூ வைத்தார்கள். ஆனால் அவர்கள் சொன்னது ஆடிக் கிருத்திகை அன்று சாயங்காலம். எங்கள் தெருவுக்குச் சாமி சப்பரம் வருகிற நேரம்.

தெருவின் குறுக்கே ஒயர் தாழ்ந்திருந்தால், சாமி வரும்போது வெட்டிவிட்டு, போனதும் முறுக்கி ஒட்டுவது எங்கள் ஊர் வழக்கம். பழைய டிவி ஒயருக்கு வருஷா வருஷம் அப்படித்தான் செய்தோம். அன்றும் மேளச் சத்தம் கேட்டதும் ஓர் இளவட்டம் கட்டிங் பிளேயரோடு கம்பத்தில் ஏறிவிட்டான்.

கேபிள்காரர் ஓடிவந்தார். "ஏலே, எறங்குலே! அது செம்பு இல்ல, உள்ள கண்ணாடி. வெட்டுனா ஒட்டுததுக்கு மிசினு தென்காசியிலேருந்து வரணும்!"

நுனி பிரிந்த கவைக்கம்பால் ஒயரைத் தூக்கிப் பிடித்தார். அப்படியும் சப்பரத்துக் கலசம் இடிக்கும் போலிருந்தது. சப்பரம் நின்றுவிட்டது.

"சாமியவிட ஒயரு பெருசாப் போச்சோ? வெட்டச் சொல்லும்வே!" என்றார் சப்பரம் தூக்குகிற அண்ணாச்சி.

வீட்டுக்குள்ளே மகள் இன்டர்வியூவில் பேசத் தொடங்கியிருந்தாள். வெட்டாதீர்கள் என்று சாமி முன்னால் நின்று நான் எப்படிச் சொல்வேன்? வெட்டுங்கள் என்றும் வாய் வரவில்லை. தேங்காய்த் தட்டோடு நின்றேன். 'முருகா, நீயே ஒரு வழி சொல்லு' என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

சப்பரத்தின் பக்கத்தில் வந்த கோயில் பூசை பட்டர்தான் வாய் திறந்தார். "அண்ணாச்சி, கோயில் வாசல் தாண்டும்போது என்ன செய்வீரு?"

"தோள்லேருந்து கைக்கு எறக்குவோம், சாமி."

"அப்ப அதை இங்கனயும் செய்யும். எங்க அப்பன் முருகனுக்கு அது ஒண்ணும் புதுசில்ல."

கூட்டம் சிரித்துவிட்டது. அண்ணாச்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அரோகரா!" என்று கத்திக்கொண்டே சப்பரத்தைக் கைக்கு இறக்கினார்கள். கலசம் ஒயரைத் தொடாமல் கடந்தது. மேளக்காரர் வாசிப்பை நிறுத்தவேயில்லை.

சாமி அடுத்த தெருவுக்குத் திரும்பியபோது மகள் வாசலுக்கு வந்தாள்.

"என்னட்டி ஆச்சு?"

"மேளம் கேட்டு என்ன விசேஷம்னு கேட்டாங்கப்பா. கம்ப்யூட்டரை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினேன். அந்த மேடம் அங்கனேருந்தே கும்பிட்டாங்க."

"அது கெடக்கட்டும். வேலை?"

"திங்கக்கிழமை சேரணுமாம்!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேபிள்காரர் இன்னும் கம்பைத் தூக்கியபடியே நின்றார். "அப்ப நான் கைய எறக்கலாமாம்மா?" என்றார்.

அவள் எங்கே கேட்டாள்? "ஜன்னல்ல அரைகுறையாத்தான் சாமி தெரிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே, செருப்பைக்கூட மாட்டாமல் சப்பரத்தின் பின்னால் ஓடினாள்.