ஸ்பீக்கர் பெட்டிக்காரன் சட்டை

தொண்ணூறுகளின் நடுவில், குற்றாலத்துக்கும் திருச்செந்தூருக்கும் வேன் ஓட்டிய எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி பிடித்திருந்தது. முன்னால் போகிற வேனில் கேட்கும் பாட்டைவிடத் தன் வேனில் பாட்டு சத்தமாகக் கேட்க வேண்டும். அந்த வியாதிக்கு மருந்து கொடுத்த இரண்டு அரைகுறை வைத்தியர்களில் நான் ஒருவன். மற்றவன் என் கூட்டாளி. எங்கள் ஊர் வண்ணாரப்பேட்டை பைபாஸ் ஓரம் ஒரு தகரக் கொட்டகையில் வண்டிகளுக்கு பைபர் ஸ்பீக்கர் பெட்டி செய்தோம். கூடவே டேஷ்போர்டும் கதவுப் பலகையும் செய்து கொடுப்போம்.

வண்டியின் பின்மூலை நேராக இருக்காது. பலகையில் பெட்டி செய்து வைத்தால் மூலைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு எலி குடும்பம் நடத்தலாம். அதனால் மூலையில் காகித டேப் ஒட்டி, அதன்மேல் மெழுகு தடவி, கண்ணாடி நார் விரிப்பைப் பரப்பி, ரெசின் பசையைப் பூசி இறுகவிடுவோம். இறுகியதும் பெயர்த்தெடுத்தால் அந்த மூலையின் வளைவு அச்சாக வந்துவிடும். ஒருமுறை மெழுகு தடவ மறந்துபோனேன். பெட்டியும் வேனும் ஒரே உடம்பாகிவிட்டன. "இனிமே இதை யாரும் திருட முடியாதுல்லா அண்ணாச்சி" என்று வேன்காரரைச் சமாளித்தேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் இன்னொரு ஆளையும் அனுப்பி வைத்தார்.

பெட்டி இறுகிய பிறகு கிரைண்டரால் தேய்த்து மட்டமாக்க வேண்டும். அப்போது கொட்டகை முழுக்க வெள்ளைத் தூள் பறக்கும். அதில் இருப்பதெல்லாம் கண்ணுக்கு லேசில் தெரியாத கண்ணாடி முட்கள். கையில் பவுடரை அப்பிக்கொண்டு வேலையில் இறங்குவோம். முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவுவோம். அப்படியும் கழுத்து அரிக்கும், இடுப்பு அரிக்கும். ஒரு வருஷத்தில் எல்லாம் பழகிப்போனது. சம்பளத்தோடு சேர்ந்து வரும் படி போல அரிப்பையும் வாங்கிக்கொண்டோம்.

வைகாசியில் எனக்குக் கல்யாணம் ஆனது. பெண் ஸ்ரீவைகுண்டம். அவள் அப்பாவுக்கு ஆற்றங்கரையில் வாழைத் தோட்டம். விருந்துகள் முடிந்து, கொட்டகைக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு வீடு பிடித்து நாங்கள் இருவரும் குடியேறினோம். அதுவரை என் துணியை நானே அலசி, கொட்டகைக் கம்பியில் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வந்த முதல் வாரமே அவள் அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஆம்பள துணி தொவைச்சா பாக்கவங்க என்ன சொல்லுவாங்க? கழத்திக் குடுங்க."

அவள் சேலையும் என் சட்டையும் ஒரே வாளியில் சோப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்தன. அதைப் பார்த்து நான் கொஞ்சம் சொக்கித்தான் போனேன். குடும்பம் என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பெட்டி தேய்க்கக் கிளம்பினேன்.

ஒரு வாரம் போனதும் அவளுக்கு அரிக்க ஆரம்பித்தது. கழுத்தும் தோளும் சிவந்து தடித்தன. டாக்டர் களிம்பு கொடுத்தார். கத்தரிக்காயை நிறுத்தினோம், கருவாட்டை நிறுத்தினோம். சோப்பை மாற்றினோம். அரிக்கிறதே என்று அவள் துணிகளை இன்னும் அதிகமாகத் துவைத்தாள், அரிப்பும் அதிகமானது. "என்னைப் பாத்தா ஒனக்குப் புல்லரிக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு வீட்டில் கிடைத்த முதல் அடி அது.

ஆடி பிறந்ததும், புதுப்பெண்ணை அழைத்துப் போகிற வழக்கப்படி அவள் அப்பா வந்து கூட்டிப் போனார். ஊரில் அவளுக்குத் தோல் ஆறிவிட்டது. ஆவணி வந்தது, அவள் வரவில்லை. போன் போட்டால் "இன்னும் கொஞ்ச நாள் போட்டும் மாப்ள" என்பார் மாமனார். நான் சாப்பிட உட்கார்ந்தால் வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

அந்த ஊர்ப் பக்கம் போய்வந்த கூட்டாளி ஒருநாள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு வந்தான்.

"ஏலே, ஒனக்குச் சொறி பிடிச்சிருக்காம்லா! இத்தன வருசம் ஒரே பாயில கெடந்திருக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு எதிரே நின்ற ஆம்னி வேனின் கண்ணாடியில் பார்த்தால், நான் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

அவள் இனி வரவே மாட்டாளோ என்ற பயம் அன்றுதான் வந்தது. கையிலிருந்த பெட்டியைத் தேய்த்து முடித்தேன். முகம், கை, கால் மட்டும் கழுவிக்கொண்டு அதே சட்டையோடு ஸ்ரீவைகுண்டம் பஸ் ஏறினேன்.

மாமனார் வீட்டில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. என் பெண்டாட்டி மட்டும் அடுக்களைக் கதவுக்குப் பின்னாலேயே இருந்தாள். மறுநாள் காலையில் மாமியார், நான் கழற்றிப் போட்ட சட்டையையும் வீட்டுத் துணிகளோடு சேர்த்து ஊறவைத்துத் துவைத்துப் போட்டுவிட்டார். மத்தியானம் மாமனார் குளித்துவிட்டு, காய்ந்த பனியனும் வேட்டியும் உடுத்திக்கொண்டார். சாப்பாடு முடிந்ததும் தன் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேச்சைத் தொடங்கினார்.

"மாப்ள, தப்பா நெனைக்காதிய. பிள்ளைக்கு ஒங்க வீடு ஒத்துக்கிடல. இங்கன இருந்தா நல்லா இருக்கா. அங்கன வந்தா…" என்று சொல்லிக்கொண்டே முதுகைச் சொறிந்தார்.

"என்னடே, எறும்பு ஏறிட்டா?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே. மாப்ள, சோசியரும் சொல்லுதாரு, சாதகத்துல என்னமோ இடிக்குன்னு. கொஞ்ச காலம் பிரிஞ்சு இருந்தா…" இப்போது இடுப்பைச் சொறிந்தார். பிறகு கழுத்தை. பிறகு இரண்டு கையும் போதாமல் தூணில் முதுகைத் தேய்த்தார்.

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

"மாமா, ஒங்களுக்கும் எனக்கும் சாதகமே பாக்கலியே. அப்புறம் ஒங்களுக்கு ஏன் அரிக்கு?"

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அடுக்களைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் பெண்டாட்டி வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் முற்றத்துக் கொடிக்குப் போனாள். என் சட்டையை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் இன்னொரு பனியனைப் பிடித்துப் பார்த்தாள்.

"அப்பா, கொஞ்சம் இங்கன வாங்க."

எல்லோரும் போனோம். சட்டைத் துணிக்குள் பொடிப் பொடியாக ஊசிகள் மின்னின. பனியனிலும் அங்கங்கே மின்னின.

"இது என்னது?" என்று என்னிடம் கேட்டாள்.

"பெட்டி தேய்க்கும்போது பறக்குற தூசி. கண்ணாடி நாரு."

"ஒங்களுக்கு அரிக்காதா?"

"அரிக்கும்."

"நான் இத்தன நாளா களிம்பு பூசிக்கிட்டுக் கெடக்கேன். நீங்க அரிக்குன்னு ஒரு வார்த்த சொல்லலியே?"

"எனக்கு அது அரிப்புன்னே தோணல. வேலைன்னுதான் நெனைச்சேன்."

என்னை மடக்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. ஆனாலும் நான் சொன்ன பதில்களிலேயே அதுதான் எனக்கே விளங்காத பதில். உடம்பில் நடப்பதையே கவனிக்காமல் விட்டவன், வீட்டில் நடப்பதை எங்கே கவனிக்க? தூளைக் கையிலிருந்து கழுவிவிட்டால் வேலை கொட்டகையோடு நின்றுவிடும் என்று நம்பியிருந்தேன். அது என் சட்டையில் ஏறி, எனக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்து, அவள் சேலையில் படுத்திருக்கிறது.

மாமனார் பனியனைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார். மருமகனுக்குச் சொறி என்று ஊரெல்லாம் சொன்ன பேச்சை எப்படித் திரும்ப எடுப்பது என்ற யோசனை அவர் முகத்தில் ஓடியது.

"அப்ப அந்த வேலைய விட்டுருங்க மாப்ள. நம்ம தோட்டத்தையே பாத்துக்கிடலாம்."

நான் அவளைப் பார்த்தேன். வேலையா, அவளா என்று கேட்டால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் என்னைச் சொல்லவிடவில்லை.

"அவுக வேலைய அவுக பாக்கட்டும். நான் அவுககூடப் போறேன். இந்தச் சட்டகூடத்தான் போகமாட்டேன்."

அன்று சாயங்காலமே கிளம்பினோம். சட்டையை மாமனார் வாழைத் தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்துவிட்டார். அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேன். அதில் என்னைப்போல் இன்னொருவனும் தாராளமாக வந்திருக்கலாம்.

பிறகு கொட்டகைக்குப் பின்னால் ஒரு தொட்டி கட்டினேன். வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து, சட்டையை நானே துவைத்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

"என்னலே, கல்யாணம் பண்ணி வண்ணான் ஆயிட்டியா?" என்று கூட்டாளி கேட்டான். ஒரு மாதத்தில் அவனும் என் பக்கத்தில் நின்று துவைத்தான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதோடு என் பெண்டாட்டி விட்டுவிடவில்லை. வாசலில் என்னை நிறுத்திவைத்து, தன் முன்கையின் உட்பக்கத்தை என் தோளில் வைத்துப் பார்ப்பாள். தோலில் அந்த இடத்துக்குத்தான் நார் சீக்கிரம் தெரியுமாம். முதலில் இரண்டு நிமிஷத்தில் "ம், வாங்க" என்று விட்டுவிடுவாள். போகப்போகச் சோதனை நீண்டது. ஒருநாள் கை தோளிலேயே இருந்தது. எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"அரிக்கா?" என்று கேட்டேன்.

"பொறுங்க. இன்னும் தெரியல" என்றாள்.