குதிரை வாகனத்தில் ஓர் ஒட்டு

சென்ற மாதம் ஒரு காலை பரமேஸ்வரி ரீச்சரின் மகள் தொலைபேசியில் அழைத்து, "அம்மா விடியவே போயிட்டா, அங்கிள்" என்றபோது நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். அதைச் சீவி முடித்த பின்பே எழுந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

அன்புவழிபுரத்தில் அவரிடம் இரசாயனம் படித்த பலர் இதை வாசிப்பீர்கள். வரைபடம் வரைந்து ஓய்வுபெற்ற நான் அவரை அறிந்தது கோயில் வாகனசாலையில். சுவாமி ஏறிவரும், நிறம் தீட்டிய மரக்குதிரையைப் பூச்சி அரித்துக்கொண்டிருந்தது; உதவ இருவரும் போயிருந்தோம். மண்ணெண்ணெய் பூசினால் ஒரே நாளில் முடியும் என்றார் கோயில் தலைவர்.

"ஓம், பூச்சியோடை குதிரையின்ரை முகமும் போயிடும்" என்றார் ரீச்சர்.

முதலில் குதிரையின் கீழே கறுப்புத் தாள் விரித்தார். "துளையைப் பார்த்துப் பயப்பிடாதேங்கோ. புதுசாத் தூள் விழுதோ எண்டு பாருங்கோ." விழுந்தது; உள்ளே பூச்சி உயிரோடு இருந்தது. காற்றுப் புகாத தடித்த உறைக்குள் குதிரையை வைத்து, ஒட்சிசனை உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டு, இருவருமாக மூடி ஒட்டினோம். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், திறக்கக்கூடாது. மூச்சில்லாமல் பூச்சி சாகும், நிறத்துக்கு ஒன்றும் ஆகாது. அவர் ஒட்டும் நாடா எப்போதும் சரிந்திருக்கும்; என்னுடையது கோடு போட்டதுபோல் நேராக இருக்கும். "நீங்கள் அடிமட்டம் வைச்சோ ஒட்டுறனீங்கள்?" என்று என்னைக் கேலி செய்வார்.

பத்தாம் நாள் எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் துறைமுக ஊரின் ஈரத்தில் உள்ளே வியர்த்து நிறம் உரிகிறதோ? தனியாகப் போய், உறையை ஒரு சாண் வெட்டிப் பார்த்துவிட்டு ஒட்டினேன். காற்றுப் புகும் என்று தெரியும். கொஞ்சம்தானே என்று நினைத்தேன்.

மூன்று கிழமை முடிந்து உறையைப் பிரித்த சில நாட்களில் கறுப்புத் தாளில் மறுபடியும் தூள்.

"மூண்டு கிழமை பொலித்தீனிலை சுத்தி, பூச்சிக்கு லீவு குடுத்தனீங்களோ, ரீச்சர்?" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"எங்கையோ பிழைச்சுப் போச்சு. திரும்பச் செய்யிறன்" என்றார் அவர். இரண்டாம் முறை நாடாவை என்னிடமே நீட்டி, "நீங்களே ஒட்டுங்கோ" என்றார்.

மறுபடியும் உறைக்குள் இருந்ததால், அந்த வருட வேட்டைத் திருவிழாவுக்குக் குதிரை வெளியே வரவில்லை. இன்றுவரை அதில் தூளும் இல்லை. ஆனால் அடுத்துப் பூச்சி அரித்த மயில் வாகனத்தை அவரிடம் கொடுக்கவில்லை. மண்ணெண்ணெய் பூசித் துடைத்தார்கள். கழுத்து நீலம் துணியோடு வந்தது. ரீச்சர் பிறகு வாகனசாலைக்கு வரவேயில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவன்று மகள் அவரது வேலைக் கொப்பியை என்னிடம் தந்தார். மறுபடியும் தூள் விழுந்த நாளுக்குக் கீழே எழுதியிருந்தது: "பழைய உறையில் ஓர் ஒட்டு கூடுதலாக இருக்கிறது. மிக நேராக." யாருடைய பெயரும் இல்லை.

கோயிலடியில் இன்னும் 'பொலித்தீன் ரீச்சர்' என்று சிரிப்பவர்கள் அறிய வேண்டும்: அவரது முறை பிழைக்கவில்லை. உறையை வெட்டியவன் நான். அவர் இருக்கும்போது இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

அந்தக் கொப்பியை வைத்திருக்கிறேன். அந்த வரிக்குக் கீழே, பேனையால், என் பெயரை எழுதிவிட்டேன்.